படுதாவுக்குப் பின்னால் குமாரி ஜெகதா

இளையபெருமாளுக்கு அது தலைப்பொங்கல். மாமனார் வீட்டில் புது வேட்டி கட்டி, கரும்பு கடித்து, மூன்றாம் நாள் கறிச்சோறு தின்று, ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்ப வேண்டிய நேரம். அவனோ கணக்குப் பரீட்சைக்குப் போகிற பையனின் முகத்தோடுதான் அரியலூரில் பஸ் ஏறினான். பக்கத்து சீட்டில் புதுப் பெண்டாட்டி ராசாத்தி. அவளும் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இருவரும் பேசிக்கொள்வது குறைந்துபோயிருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்தவன் பட்ட பாடே போதும்.

இளையபெருமாள் அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். வயது இருபத்தேழு. நல்ல உயரம், நல்ல கறுப்பு, தடித்த மீசை. அந்த மீசைக்குக் கீழேயிருந்து, அவன் நினைத்தால், பதினெட்டு வயதுப் பெண்ணின் குரல் வரும். மிமிக்ரி என்று நினைத்துவிடாதீர்கள். கேட்கிறவர் எழுந்து போக மனமில்லாமல் உட்கார்ந்துவிடுகிற மாதிரியான நிஜமான பாட்டுக் குரல் அது.

ரயிலடிப் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கண்ணையன்தான் அதைக் கண்டுபிடித்தவர். கண்ணையன் அக்கார்டியன் வாசிப்பார், ‘ராகசுரபி மெல்லிசைக் குழு’ நடத்துவார். ஆண் குரலுக்குத் தங்கசாமி இருந்தார். பெண் குரலுக்குத்தான் ஆள் இல்லை. அந்தக் காலத்தில் எந்த வீட்டில் பெண்ணைத் திருவிழா மேடைக்கு அனுப்புவார்கள்? அதனால் கண்ணையன் ஒரு காரியம் செய்தார். மேடைக்குப் பின்னால் ஒரு படுதாவைக் கட்டி, இளையபெருமாளை அதற்குள் நிறுத்தி, ஒரு மைக்கையும் கொடுத்தார். நோட்டீசில் ‘தேன்குரல் குமாரி ஜெகதா’ என்று அச்சடித்தார். கட்டுப்பாடான குடும்பத்துப் பெண், முகம் காட்டமாட்டார் என்று மைக்கில் அறிவித்தும் விட்டார். ஊர் ஜனங்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தால், நேர்மாறாக நடந்தது. முகம் காட்டாததாலேயே ஜெகதாவின் மதிப்பு ஏறியது. உடையார்பாளையத்திலிருந்து ஒருவர் ஜாதகம் கேட்டு எழுதியிருந்தார்.

சிரிக்கலாம்தான். இளையபெருமாளுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மீன்சுருட்டியில் ஒரு பெண்ணைப் பேசி நிச்சயத்துக்கு நாளும் குறித்த பிறகு, யாரோ விஷயத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். பொம்பளைக் குரலில் பாடுகிறவனுக்கா பெண் கொடுப்பது என்று ஆள் சொல்லி அனுப்பி நிறுத்திவிட்டார்கள். அவனுடைய அப்பா ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. ஆலையில் இரண்டு பேர் அவனை ‘அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அந்த அவமானம் அவன் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. செட்டிகுளத்துச் சம்பந்தம் கூடிவந்தபோது, இதைப் பற்றி எவனும் மூச்சு விடக்கூடாது என்று குழுவில் அத்தனை பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். ராசாத்தியிடம், ராகசுரபியில் மைக் செட்டும் வயரிங்கும் தான்தான் பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தான். ஃபிட்டர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்?

விதி அங்கேதான் காலை நீட்டியது. மார்கழி கடைசியில் கண்ணையன் ஒரு புக்கிங் செய்தியோடு வந்தார். காணும் பொங்கல் அன்று, செட்டிகுளத்தில் கச்சேரி. விழாக் கமிட்டித் தலைவர் வைரக்கண்ணு. அதாவது, இளையபெருமாளின் மாமனார். பெரம்பலூர்த் திருவிழாவில் ஜெகதாவின் பாட்டைக் கேட்டதிலிருந்து அவருக்கு வேறு குரலே காதில் ஏறவில்லையாம். அந்தப் பெண் வந்தால்தான் கச்சேரி, இல்லாவிட்டால் வேறு குழுவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார். இளையபெருமாள் கையெடுத்துக் கும்பிட்டு மாட்டேன் என்றான். இந்தப் பொங்கலுக்கு வந்தது இந்த ஒரே கச்சேரி, ஐந்து பேர் இதை நம்பியிருக்கிறோம் என்று கண்ணையன் திருப்பிக் கும்பிட்டார். கும்பிடுவதில் கண்ணையன் ஜெயித்தார்.

ஆக, விஷயம் வெளியே வந்தால் மாப்பிள்ளை மரியாதை மண்ணோடு போகும். மீன்சுருட்டிக்காரர்கள் பெண்ணைக் கொடுக்காமல் நிறுத்தினார்கள். செட்டிகுளத்துக்காரர் கொடுத்த பெண்ணையே கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தப் பயம்தான் அவன் முகத்தில்.

ராசாத்தியின் முகத்தில் இருந்தது வேறு. அவளுக்குக் குமாரி ஜெகதா ஒரு நிஜமான பெண். தன் புருஷனோடு ஊர் ஊராகப் போய், ஒரே பஸ்ஸில் திரும்பி வருகிற, தேன் குரல்காரி. யார் அந்த ஜெகதா, எப்படி இருப்பாள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். இரண்டு முறையும் அவன் பேச்சை மாற்றினான். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு எந்தப் புருஷனாவது அப்படி வியர்ப்பானா? பெரம்பலூரில் பஸ் மாறும்போது ஸ்டாண்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ராசாத்தி அதை நிதானமாக ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

மாமனார் வீட்டு உபசாரத்துக்கு ஒரு குறையுமில்லை. வாசலில் கோலம், முற்றத்தில் மூன்று பானைப் பொங்கல், மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒரு கட்டுக் கரும்பு. மாமியார் பூங்காவனம் அதிகம் பேசாதவர். இலையில் சோறு தீர்வதற்கு முன்னாலேயே அடுத்த கரண்டியோடு நிற்பார். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் அடித்துக்கொண்டே வைரக்கண்ணு ஜெகதாவின் பெருமையை எடுத்தார். குனிந்த தலை நிமிராத பெண்ணாம், முகத்தைக்கூடக் காட்டாதாம், பெண் என்றால் அப்படி இருக்கவேண்டுமாம். முகத்தையே பார்க்காத பெண்ணின் தலை குனிந்திருந்ததா நிமிர்ந்திருந்ததா என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. ராசாத்தி கையிலிருந்த வர்ண டப்பாவைத் தரையில் டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் கொல்லையில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்கு அந்தப் பொம்பள வருவாளா?”

“வரும்... வருவாங்க.”

“நீங்க எங்க இருப்பீங்க?”

“பின்னாடி. ஆம்ப்ளிஃபயர் கிட்ட.”

“அவ?”

“அங்கதான்.”

“சரிங்க,” என்றாள் ராசாத்தி. அந்த ‘ங்க’வில் மரியாதை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

காணும் பொங்கலன்று மத்தியானமே ஊர் நிரம்பிவிட்டது. வெங்காயக் காட்டுக்கு அன்று யாரும் போகவில்லை. பெண்கள் பிள்ளையார் கோயில் முன்னால் கும்மியடித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் சைக்கிளில் மூன்று மூன்று பேராகவும் ஜனம் வந்து இறங்கியது. களத்து மேட்டில் இரண்டு டிராக்டர் டிரெய்லர்களைச் சேர்த்து நிறுத்தி மேடை. வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். மேடைக்குப் பின்னால், வெங்காயத்தைக் காற்றாடச் சேர்த்துவைக்கிற வைரக்கண்ணுவின் பட்டறை. பட்டறைக்கும் மேடைக்கும் நடுவில் படுதாவைக் கட்டியிருந்தார்கள். குமாரி ஜெகதாவின் இடம் அதுதான். கண்ணையன் குழு கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் ஆறு மணிக்கே கச்சேரி ஆரம்பித்துவிட்டது.

முதலில் பிள்ளையார் பாட்டு, தங்கசாமி பாடினார். இரண்டாவது பாட்டுக்குப் படுதாவுக்குப் பின்னாலிருந்து குரல் எழுந்தது. களத்து மேட்டில் பேச்சு நின்றது. கடலை விற்றவன் கூவுவதை நிறுத்தினான். வைரக்கண்ணு முன் வரிசை நாற்காலியில் பக்கத்து ஊர்ப் பெரியவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, நான் சொன்னேனா இல்லையா என்கிற மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

படுதாவுக்கு உள்ளே இளையபெருமாளுக்கு வெங்காய நெடியில் கண் எரிந்தது. ஆறு வருடமாக அவன் அறிந்த கச்சேரி இதுதான். எதிரே ஒரு முரட்டுத் துணியின் பின்பக்கம். அந்தப் பக்கம் ஆயிரம் பேர் இருப்பார்கள், கைதட்டுவார்கள், அவனுக்குக் கேட்கும். ஆனால் தன் பாட்டைக் கேட்கிற ஒரு முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. ஐந்தாவதாக ஒரு தாலாட்டு. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுக் களையெடுக்கப் போகிற தாயின் பாட்டு, கண்ணையன் எழுதி மெட்டுப் போட்டது. அதைப் பாடும்போது இளையபெருமாளுக்கு எப்போதும் கண் தானாக மூடிக்கொள்ளும்.

அந்தப் பாட்டின் நடுவில்தான் ராசாத்தி வந்தாள்.

அவள் பொறுத்துப் பார்த்தாள். பெண்கள் பக்கம் உட்கார்ந்து நாலு பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். படுதாவுக்குப் பின்னால் தன் புருஷனும் அந்தத் தேன்குரல்காரியும், வேறு யாருமில்லை என்கிற நினைப்பு அவளை உட்காரவிடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டறையைச் சுற்றி வந்தாள். நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று முடிவு கட்டித்தான் படுதாவின் ஓரத்தைத் தூக்கினாள்.

உள்ளே ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபயர், அவள் புருஷன். மூடிய கண். மீசைக்குக் கீழே உதடு அசைந்தது. தாயின் குரல் அங்கிருந்து வந்தது.

ராசாத்தி வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். பட்டறைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள். வெங்காயம்தான் இருந்தது. மறுபடி அவனைப் பார்த்தாள். அவன் கண் திறந்தான், அவளைப் பார்த்தான். குரல் ஒரு இமைப்பொழுது நடுங்கியது. ஆனால் பாட்டைப் பாதியில் விடுகிற பழக்கம் அவனுக்கு இல்லை. தொடர்ந்து பாடினான். ராசாத்தி பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தாள். கடைசி அடி முடிகிற வரைக்கும் அசையவில்லை.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவன் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

“ஜெகதான்னு யாருமே இல்லியா?”

“இல்ல புள்ள. நான்தான்.”

ராசாத்திக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். இத்தனை நாளாக நெஞ்சிலிருந்த பாரம் முழுக்க இறங்கிய சிரிப்பு அது. “நான் அவ கூட நீங்க போயிருவீங்கன்னுல்ல நெனச்சுக்கிட்டுத் தூங்காம கெடந்தேன்,” என்றாள். சிரித்த கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவனும் சிரித்திருப்பான். அதற்குள் மேடையில் மாமனாரின் குரல் மைக்கில் கேட்டது. இந்த மாதிரி ஒரு பாட்டைத் தம் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார். விழாக் கமிட்டி சார்பில் குமாரி ஜெகதாவுக்கு ஒரு பட்டுப்புடவை வைத்து மரியாதை செய்யப்போவதாகவும், ஒரே ஒரு நிமிஷம் அந்தப் பெண் மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வராமல் விடப்போவதில்லை என்று ஜனமும் சேர்ந்து கூப்பிட்டது.

கண்ணையன் படுதாவுக்குள் தலையை நீட்டினார். முகம் வெளிறியிருந்தது. ஜெகதாவுக்கு மயக்கம் என்று சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அங்கே ராசாத்தி இருப்பதைப் பார்த்து அவருக்கே மயக்கம் வரும் போலாகிவிட்டது.

இளையபெருமாள் நின்றான். மயக்கம் என்று சொன்னால் இன்று தப்பலாம். நாளைக்கு வேறு ஊர், வேறு படுதா. சாகிற வரைக்கும் துணியின் பின்பக்கத்தைப் பார்த்துப் பாடலாம். அதை நினைத்தபோது, மாமனாரின் கோபத்தைவிட அதுதான் பெரிய கேவலமாக அவனுக்குப் பட்டது. ராசாத்தியைத் திரும்பிப் பார்த்தான். அவள் எழுந்து புடவையை உதறினாள்.

“வாங்க போவம். நானும் வரேன்,” என்றாள்.

இருவரும் மேடை ஏறினார்கள். தாம்பாளத்தோடு நின்ற வைரக்கண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பெண் வருகிறதா என்று. மைக் ஏதாவது ரிப்பேரா என்றுகூடக் கேட்டார்.

“ஜெகதா நான்தானுங்க மாமா,” என்றான் இளையபெருமாள். மைக் பக்கத்தில் இருந்ததால் அது வேப்பமரத்து ஸ்பீக்கர்களில் ஊர் முழுக்கக் கேட்டது.

ஜனம் சிரித்தது. தலைப்பொங்கல் மாப்பிள்ளை கேலி பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டது. அவன் மைக்கைப் பிடித்துத் தாலாட்டின் முதல் அடியை மட்டும் பாடினான். சிரிப்பு சட்டென்று நின்றது. பின்வரிசையில் ஒருவன் கிண்டலாக விசிலடித்தான். இன்னொருவன் ‘ஏமாத்திட்டானுங்க’ என்றான். முன்வரிசைப் பெரியவர்கள் வைரக்கண்ணுவையே பார்த்தார்கள். அவர் தாம்பாளத்தை அக்கார்டியன் பெட்டியின் மேல் வைத்தார். மேடையை விட்டு இறங்கி, தன் நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தார்.

மீன்சுருட்டி மறுபடியும் வந்துவிட்டது என்று இளையபெருமாளுக்குத் தோன்றியது. ராசாத்தி மட்டும் பக்கத்திலிருந்து நகரவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். பூங்காவனம். நாலு பேர் கூடின இடத்தில் அவர் குரல் உயர்ந்து அந்த ஊர் கேட்டதில்லை.

“மாப்ள, அந்தத் தாலாட்ட முழுசாப் பாடுங்க. கண்ணுல பாக்காமக் கேட்டுட்டம். இப்பப் பாத்துக்கிட்டே கேக்குறம்.”

பெண்கள் பக்கம் மொத்தமும் ஆமாம் என்றது. களையெடுக்கிறவர்கள், வெங்காயம் ஆய்கிறவர்கள், இடுப்பில் பிள்ளையோடு வந்தவர்கள். அவர்களுடைய பாட்டு அது. பாடியவனுக்கு மீசை இருந்தது அவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. விசிலடித்தவனை அவன் அக்காளோ யாரோ அதட்டி உட்காரவைத்தாள்.

கண்ணையன் அக்கார்டியனை எடுத்தார். இளையபெருமாள் பாடினான்.

கண் மூடவில்லை. மூட மனம் வரவில்லை. முதல் அடியில் ஒரு தாய் மடியிலிருந்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்ததைப் பார்த்தான். இரண்டாம் அடியில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கம் வராத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் வரப்பில் நடக்கிற இடத்தில், வயதான ஓர் ஆள் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். இதெல்லாம் ஆறு வருடமாக ஒவ்வொரு ஊரிலும் நடந்திருக்கிறது, தனக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று நினைத்தபோது அவனுக்குத் துக்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது. சந்தோஷம் ஜெயித்தது. குரல் அன்று போன உயரத்துக்கு அதுவரை போனதில்லை. பாட்டு முடிந்தது. விசிலடித்தவன் இரண்டு விரலை வாயில் வைத்து மறுபடி அடித்தான். இந்தத் தடவை கிண்டல் இல்லை. அதற்குப் பிறகு எழுந்த சத்தம் செட்டிகுளத்து மலை வரைக்கும் போயிருக்கும்.

வைரக்கண்ணு எழுந்தார். நேரே மேடைக்கு வராமல் பின்பக்கம் போனார். போனவர் படுதாவைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டார். அது சரிந்து விழுந்தது. மேடைக்குப் பின்னால் வெங்காயப் பட்டறை பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. அப்புறம் மேலே ஏறித் தாம்பாளத்தை எடுத்தார். புடவையை என்ன செய்வதென்று ஒரு கணம் விழித்துவிட்டு, மாப்பிள்ளையின் கையிலேயே கொடுத்தார். அவன் அதை அங்கேயே மாமியாருக்கு அனுப்பிவைத்தான்.

முன்வரிசையிலிருந்து பக்கத்து ஊர்க் கமிட்டிக்காரர் ஒருவர், கோபமா கேலியா என்று தெரியாத குரலில், உங்கள் மாப்பிள்ளை பொம்பளைக் குரலில் பாடுகிறாரே என்றார். வைரக்கண்ணு மைக்கை வாங்கிக்கொண்டார். ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

“ஆமாங்க. எங்க மாப்ளதான். ஆம்பளக் கொரலு எல்லாருக்குந்தான் இருக்கு. எங்க வூட்டு மாப்ளைக்கு ரெண்டும் இருக்கு,” என்றார். “மாசித் திருவிழாவுக்குக் கச்சேரி வேணுமின்னா இப்பவே சொல்லிப்புடுங்க. பெறவு தேதி கெடைக்காது.”

களம் அதிர்ந்தது. அந்தக் கமிட்டிக்காரரும் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு கண்ணையனிடம் தேதியும் கேட்டார்.

அடுத்தது டூயட். தங்கசாமி தன் மைக்கைக் கொண்டுவந்து இளையபெருமாளிடமே கொடுத்துவிட்டு, இரண்டு குரலும் நீயே பாடு, இன்றைக்கு நானும் ஜனம்தான் என்று மேடை ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ராசாத்தி இறங்கிப் போய் முதல் வரிசையில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் அவளை எழுந்திருக்கச் சொல்லவில்லை. வைரக்கண்ணு மைக்கின் முன்னால் நிமிர்ந்து நின்று அறிவித்தார்.

“அடுத்த பாட்டு, அரியலூர் இளையபெருமாள்.”

ஆறு வருடமாகப் பாடுகிறவன் மைக்கில் தன் பெயரைக் கேட்டது அன்றுதான். அவன் மேடையின் நடுவுக்கு வந்து, ஒரு முறை மீசையைத் தடவிக்கொண்டு, பாட ஆரம்பித்தான்.